அறுபத்தைந்து ஆம்பியர்

மின்சாரம் போய் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தபோது மெஷின் கத்தத் தொடங்கியது.

சாருலதா அந்தச் சத்தத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள், ஆஸ்பத்திரியில். அங்கே அது கேட்டதும் நாலு பேர் ஓடி வந்தார்கள். இங்கே, அடையாறு காந்தி நகரில் இருந்த அந்தத் தனி வீட்டில், ஓடி வர அவளை விட்டால் ஆளில்லை. நர்ஸ் நீரஜா ஐந்து மணிக்கே கிளம்பிப் போயிருந்தாள்.

கட்டிலில் படுத்திருந்தது அவள் கணவன் அச்யுத். நாற்பது வயது, பாங்க் அதிகாரி. ஆகஸ்டில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு கால் விரல்கள் மரத்துப் போயின. மரமரப்பு முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, பத்தாம் நாள் மார்புக்கு வந்து மூச்சையே நிறுத்திவிட்டது. நரம்பு வியாதி, திரும்பிவிடும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள் டாக்டர்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, இனி ஆஸ்பத்திரியில் இருந்தால் வேறு ஏதாவது தொற்றிக்கொள்ளும், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து அவன் தம்பி மூச்சு மெஷின் ஒன்றை அனுப்பி வைத்தான். ஒரு சூட்கேஸ் அளவுதான். வீட்டு மின்சாரத்திலும் ஓடும், கார் பேட்டரியிலும் ஓடும்.

கார் இருந்தது. அச்யுத்தின் அப்பா விட்டுப்போன அம்பாசிடர். போர்ட்டிகோவில், முன்னறை ஜன்னலுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து கட்டிலடியில் சுருண்டு கிடக்கும். மின்சாரம் போனால் ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஒயரை மெஷினில் சொருக வேண்டும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போன நாட்களில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அன்று கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மெஷின் கத்தியது. அச்யுத்தின் மார்பு ஏறுவது பாதியில் நின்று நின்று ஏறியது. சாருலதா வெளியே ஓடினாள். என்ன செய்வது என்று தெரியாமல் காருக்குள் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். உள்ளே கத்தல் நின்றது. காலை எடுத்தாள். மறுபடி கத்தியது.

அப்படியே மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து கட்டில் தெரியாது. ஜன்னலின் மேல் விளிம்பும் சுவரில் காலண்டரும்தான் தெரியும். உள்ளே அவன் கண் திறந்திருக்கிறானா, குழாய் கழன்றிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. போய்ப் பார்க்கக் காலை எடுத்தால் மெஷின் நிற்கும். இருபத்தைந்து நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கு எரிந்ததும் இறங்கி உள்ளே ஓடினாள். மெஷினை வீட்டு மின்சாரத்துக்கு மாற்றினாள்.

மறுநாள் காலை, தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மான் வந்தார். கார் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயதிருக்கும். சாருலதா டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் வண்டிகளை எல்லாம் அவர்தான் பார்ப்பார். பானெட்டைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கரெண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டர் நல்லாத்தான்மா கீது. ஆனா இது ரோட்ல ஓடற வண்டிக்கு செஞ்சது. நின்னுக்கினே ஓடுனா அதுலேர்ந்து வர்ற கரெண்ட் பத்தாது. உங்க சாமான் இழுக்கறதுல பாதி பேட்டரிலேர்ந்து போவுது. பேட்டரி வத்திக்கினே வந்து ஒரு எடத்துல படுத்துக்கும்."

"அதுக்கு என்ன பண்ணணும் பாய்?"

"பெர்சா போடணும். இது முப்பத்தஞ்சு ஆம்ப்ஸ். புதுப்பேட்டைல ஜப்பான் வண்டிலேர்ந்து கழட்டினது கெடைக்கும், அறுபத்தஞ்சு ஆம்ப்ஸ். பெல்ட் சுத்தற புல்லியும் சின்னதா போட்டா, வண்டி சும்மா நின்னாலே வேகமா சுத்தும். அத மாட்டற பிராக்கெட்ட அங்க இங்க அராவணும், அவ்ளோதான்." பிறகுதான் கேட்டார். "இன்னாமா அப்படி ஓட்றீங்க இதுல? டி.வி.யா?"

சாருலதா ஜன்னலைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் அச்யுத்தையும், தொண்டைக் குழாயையும், ஏறி இறங்கும் மார்பையும் பார்த்தார். ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் கை வெக்க மாட்டேன்மா. தப்பா நென்ச்சிக்காதீங்க. லைட் எரியல, ஹார்ன் அடிக்கலன்னா நான் பாப்பேன். ஒரு ஆளு உசுரு மாட்டிக்கினு கீற ஒயரைத் தொடற அளவுக்கு எனக்கு தெகிரியம் இல்ல."

காசு கூட வாங்காமல் போய்விட்டார். சாருலதா வேறு இரண்டு மெக்கானிக்குகளைக் கேட்டாள். ஒருவன், ஆக்ஸிலரேட்டரில் ஒரு செங்கல்லை வைத்துவிடுங்கள் என்றான். இன்னொருவன் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றேழு நவம்பர். டெலிபோன் செத்துப்போயிற்று. தினம் இரண்டு தடவையாவது மின்சாரம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சாருலதா நீரஜாவை அவனருகில் உட்கார வைத்துவிட்டுக் காரில் போய் மிதித்தாள். நீரஜா இல்லாத நேரத்தில் போனால் என்ன செய்வது என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். பழகவில்லை என்பது, விசிறி வேகம் குறையும்போதெல்லாம் கை தானாகக் கார் சாவியைத் தேடியதில் தெரிந்தது.

ஐந்தாம் நாள், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஹபீபுர் ரஹ்மான் தன் மொபெட்டில் வந்து நின்றார். பின்னால் கோணிப்பையில் ஏதோ கனமாகக் கட்டியிருந்தது.

"வூட்ல அமீனாகிட்ட சொல்லிட்டேன் ஒரு நாள், வாய் தவறி. அப்பலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறா. மழை வந்தா, 'அந்தம்மா இப்ப கார்ல குந்திக்கினு இருக்கும்'ங்கறா. இன்னாத்த பண்றது." கோணியை அவிழ்த்தார். "ரெண்டு மணி நேர வேலைமா. ஆனா அந்த ரெண்டு அவரு உங்க வண்டி செத்த வண்டி. கரெண்ட் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான் சொல்லணும்."

அன்று நீரஜா வரவில்லை. அவள் இருந்த வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் என்று பால்காரர் சொன்னார். நாளைக்குப் பண்ணலாமா என்று சாருலதா யோசித்தாள். ஆனால் மறுநாள் இன்னொரு பெரிய மழை வருகிறது என்று காலை ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் கணக்கு டீச்சர். இரண்டு மணி நேர ஆபத்தா, இரண்டு நாள் ஆபத்தா என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கணவனிடம் கேட்டாள்.

அச்யுத்துக்குப் பேச முடியாது. உதடு அசையும். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ட்ச்' என்று சத்தம் எழுப்புவான். ஒரு தடவை என்றால் சரி. இரண்டு தடவை என்றால் கூடாது.

"பாய் வந்திருக்கார். இன்னிக்கே மாத்திடலாமா? நீரஜா இல்லை, நான் மட்டும்தான்."

அவன் அவளைப் பார்த்தான். ஒரு தட்டு.

ஒன்பதரைக்குப் பழைய ஆல்டர்னேட்டர் கழன்று போர்ட்டிகோ தரையில் இறங்கியது. பத்து மணிக்கு மழை வந்தது. பத்தேகாலுக்கு, தெருக்கோடியில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்த பக்கம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விசிறி நின்றது.

சாருலதா நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டில் கட்டிலுக்கு வந்து கார் ஒயரைச் சொருகினாள். மெஷின் ஒரு தடவை திணறிவிட்டு ஓட ஆரம்பித்தது. இப்போது அது முழுக்க முழுக்கக் காரின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் ஜன்னலுக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ். முகம் வெளுத்திருந்தது.

"பிராக்கெட்டுல டிரில் மிஷினால ஓட்டைய பெர்சு பண்ண வேண்டிய எடம் ஒண்ணு கீது. கரெண்ட் இல்லன்னா அரத்தாலதான் அராவணும். ஒரு அவர் ஆவும்."

"பேட்டரி தாங்குமா?"

அவர் போய் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சொல்வதற்கு முன்னால் அச்யுத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். அச்யுத்துக்குக் கேட்கும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

"அரை அவர் ஓடும்மா. ஆனா அரை அவர் ஓட்டிட்டோம்னா அப்பால செல்ஃப் அடிக்காது. வண்டி ஸ்டார்ட் ஆவாது. ஸ்டார்ட் ஆவலன்னா நான் தங்கத்துல ஆல்டர்னேட்டர் போட்டாலும் வீண்." ஒயரைக் காட்டினார். "இப்பவே ஒயரப் புடுங்கணும். இருக்கறத ஸ்டார்ட்டுக்கு வெச்சிக்கணும். கையால மூச்சு குடுக்க எதுனா கீதா?"

இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது, ஒரு கறுப்பு ரப்பர்ப் பை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழாயில் மாட்டிக் கையால் பிழிய வேண்டும், விட வேண்டும். அவள் பிழிந்து பழகியது ஒரு தடவையில் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தன் கையால் நிறுத்த வேண்டும். கை போகவில்லை.

"யாரையாவது கூப்பிடலாம் பாய். ஆம்புலன்ஸ்…"

"போன் இல்லையே. ரோட்ல முட்டி அளவு தண்ணி. நான் போயி ஆளக் கூட்டிக்கினு வர்றதுக்குள்ள இத முடிச்சிடுவேன்." அவர் கேட் வரை ஓடி, தெருவை நோக்கி இரண்டு தடவை கத்திப் பார்த்தார். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் பூட்டிய வீடு, பெங்களூருக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் மழைக்குச் சாத்தியிருந்தன. மழை அவர் குரலை அங்கேயே அமுக்கிவிட்டது.

சாருலதா அச்யுத்தின் மேல் குனிந்தாள். "ஏன்னா, மெஷினை நிறுத்திட்டு நான் கையால குடுக்கப்போறேன். கொஞ்ச நேரம்தான். பயப்படாதேங்கோ."

அவன் கண்கள் அகல விரிந்திருந்தன. தட்டு வரவில்லை. அவள் காத்திருந்தாள். வந்தது, ஒன்று.

மெஷினின் குழாயைக் கழற்றிப் பையை மாட்டி, ஒயரைப் பிடுங்கினாள். பிழிந்தாள். மார்பு ஏறியது. விட்டாள். இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிடத்துக்குப் பதினாலு தடவை என்று கணக்கு வைத்துக்கொண்டாள். கொஞ்சம் வேகமாகப் போனாலும் அவன் புருவம் சுருங்கியது. கொஞ்சம் தாமதமானால் கழுத்து நரம்பு இழுத்தது.

வெளியே அரம் இரும்பைத் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. அவளுக்கு உயிரே போனது மாதிரி இருந்தது.

"பாய்! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லமா, வேர்வை தொடைச்சேன்."

"நிறுத்தாதேங்கோ. நிறுத்தினா சொல்லிட்டு நிறுத்துங்கோ. பேசிண்டே இருங்கோ, என்ன பண்றேள்னு."

அதிலிருந்து அவர் பேசிக்கொண்டே வேலை செய்தார். "அராவறேன்மா… இன்னும் ஒரு நூல் கனம் போவணும்… இப்ப வெச்சிப் பாக்கறேன்… உக்காரல… மறுபடியும் அராவறேன்…" யாரோ கிரிக்கெட் ஆட்டத்துக்கு ரேடியோவில் விவரம் சொல்வது போல, தட்டையான குரலில். ஆனால் இடையிடையே அவர் தனக்குள் ஏதோ ஓதிக்கொள்வதும் கேட்டது.

இருபது நிமிடத்தில் அவள் விரல்கள் மரத்தன. இடது கைக்கு மாற்றினாள். இடது கைக்கு அந்த அளவு தெரியவில்லை. மூச்சு குறைவாகப் போனது. மீண்டும் வலது கைக்கு வந்தாள். இரண்டு கையாலும் பிழிந்தாள். நாற்பதாம் நிமிடத்தில் தோளிலிருந்து விரல் வரை ஒரே நெருப்பு. இந்தக் கை இப்படியே ஒரு கணம் கேட்காமல் போய்விட்டால் என்ற எண்ணம் வந்தது. அது வந்த பிறகு வேறு எந்த எண்ணமும் வரவில்லை. அச்யுத்தின் நெற்றியில் வேர்வை துளிர்த்து வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"உக்காந்துடுச்சு!" என்று கத்தினார் ஹபீபுர் ரஹ்மான். "பெல்ட் மாட்டிட்டேன். இறுக்கிட்டா முடிஞ்சுது."

ஆனால் இறுக்க முடியவில்லை. பெல்ட் விறைப்பாக இருக்க, ஆல்டர்னேட்டரைக் கடப்பாரையால் நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்க வேண்டும். புது ஆல்டர்னேட்டர் கனம். பழைய போல்ட்டும் நட்டும் சேர்ந்தே சுற்றின. மேலே ஒரு ஸ்பேனர், கீழே ஒரு ஸ்பேனர், நெம்ப ஒரு கை. அவருக்கு இரண்டு கைதான். கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தார். வழுக்கி விழுந்தது. கடப்பாரையைத் தொடையிடுக்கில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் தடவை கட்டை விழுந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார்.

ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது.

"ஒரு கை வேணும்மா. ஒரே நிமிஷம். கடப்பாரையைப் புடிச்சுக்கினா போதும்." உள்ளே கட்டிலைப் பார்த்தார். "உங்க வூட்டுக்காரரு… தானா எவ்ளோ நேரம் தாங்குவாரு?"

போன சனிக்கிழமை பிசியோதெரபிஸ்ட் மெஷினைக் கழற்றிப் பார்த்திருந்தார். அச்யுத் தானாக மூச்சிழுக்க முயன்றான். கோழிக்குஞ்சு மூச்சு. ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் உதடு நீலம் பாரித்தது. உடனே மாட்டிவிட்டார்கள். அந்த எண் சாருலதாவுக்கு மறக்கவே மறக்காது.

உண்மையைச் சொன்னால் இவர் கை நடுங்கும். நடுங்கினால் ஸ்பேனர் நழுவும்.

"மூணு நிமிஷம் தாங்குவார் பாய்," என்றாள்.

அச்யுத் அவளைப் பார்த்தான். அவனுக்கும் அந்த எண் தெரியும். பிசியோதெரபிஸ்ட் அவன் காதருகில்தான் சொன்னார். அவள் பிழிவதை நிறுத்தாமல் அவன் கண்ணையே பார்த்தாள். இரண்டு தட்டு வந்தால் போகமாட்டேன் என்று அந்த நொடியில் முடிவு செய்திருந்தாள்.

ஒன்று வந்தது.

ஐந்து பெரிய மூச்சாக உள்ளே கொடுத்தாள். பையைக் கழற்றித் தலையணை மேல் வைத்தாள். ஓடினாள்.

போர்ட்டிகோவில் மழை சாய்ந்தடித்தது. கடப்பாரையை இரண்டு கையாலும் பற்றினாள். மரத்துப்போன விரல்கள் மூடவில்லை. முழங்கையை அதன் மேல் போட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்தாள். "இழுங்கமா, இன்னும், இன்னும், அப்படியே!" அவர் கீழே குனிந்து எங்கோ கையை விட்டார். ஸ்பேனர் ஒரு சுற்று சுற்றியது, நழுவியது, மறுபடி பிடித்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அறுபது. "பாய்…" "இருங்கமா." எழுபத்தைந்து. தொண்ணூறு. "விடுங்க!"

அவள் கடப்பாரையை விட்டது கூடத் தெரியாமல் உள்ளே இருந்தாள். அச்யுத்தின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை, கழுத்து மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. உதடுகள் மண் நிறத்தில் இருந்தன. பையை மாட்ட முதல் தடவை குறி தவறியது. இரண்டாம் தடவை மாட்டியது. பிழிந்தாள். ஏறியது. பிழிந்தாள். நாலு, ஐந்து, ஆறு. கண்கள் மேலே செருகியிருந்தவை மெல்ல இறங்கி அவளைத் தேடின. அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள், கை மட்டும் தன் பாட்டுக்குப் பிழிந்துகொண்டிருந்தது.

வெளியே சாவி திரும்பியது. கார் உடனே ஸ்டார்ட் ஆயிற்று. பழைய சத்தத்தோடு கூட ஒரு புது ரீங்காரம் கேட்டது.

"போடுங்கமா மெஷின!"

போட்டாள். மெஷின் ஓடியது. அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். விரல்கள் விரியவில்லை.

நாலு நிமிடம், ஐந்து நிமிடம் இருக்கும். முதலில் அவள் தன் மூக்குதான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகு ஜன்னலில் நீலமாக ஒரு புகை இழை தெரிந்தது.

"பாய்! பெட்ரோல்…" என்று எதையோ உளறிக்கொண்டு எழுந்தாள். ஹபீபுர் ரஹ்மான் அதற்குள் பார்த்துவிட்டார்.

"கையால குடுங்கமா! நிறுத்தப்போறேன்! நிறுத்தப்போறேன்!"

அவள் மறுபடி பையை மாட்டிய பிறகே அவர் சாவியைத் திருப்பினார். பானெட்டைத் திறந்தார். ஒரு ஒயரின் மேல் தோல் முழுநீளத்துக்கும் உருகித் தொங்கியது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் போகும் குழாய். ஈரக் கோணியை அதன் மேல் போட்டு அமுக்கினார்.

"என் தப்புமா," என்றார் ஜன்னலில் நின்று. "ஆல்டர்னேட்டர் பெர்சு. அதுலேர்ந்து பேட்டரிக்குப் போற ஒயரு பழசு, சன்னம். பேட்டரி காலியா கீறதால அது மொத்தமா இழுக்குது, ஒயரு தாங்கல. மொத வேலையா தடியா ஒயரு போட்டிருக்கணும். கொணாந்துகூட கீறேன், பைலதான் கீது. அவசரத்துல விட்டுட்டேன். நான்தான் சொன்னேனே, நான் கை வெக்கக் கூடாதுன்னு."

சாருலதாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்கும் தெம்பு வேண்டும். "எவ்வளவு நேரம் பாய்?"

"இருவது நிமிஷம்."

"போடுங்கோ. பேசிண்டே போடுங்கோ."

அந்த இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தை விட மோசமாக இருந்தது. வலது கை கேட்கவே இல்லை. பையை நெஞ்சோடு அணைத்து, முன்கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை அனுப்பினாள். அச்யுத் கண்ணை மூடவில்லை. அவள் அமுக்க வரும்போதெல்லாம் அவனும் சேர்ந்து இழுக்க முயல்வது பையில் தெரிந்தது, லேசாக, ஒரு குழந்தை விரலைப் பிடித்து இழுப்பது போல. வெளியே குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. "பழச அறுத்துட்டேன்மா… புதுசோட மொனையச் சீவறேன்… பேட்டரி பக்கம் முடுக்கிட்டேன்… இந்தப் பக்கம் முடுக்கறேன்… கொழாயில படாம தள்ளிக் கட்றேன்…"

சாவியைத் திருப்பினார். கிர்… என்று ஒரு முனகல். நின்றது.

ஹபீபுர் ரஹ்மான் இறங்கி ஓடி, பேட்டரி முனைகளை இன்னொரு தடவை முடுக்கினார்.

மறுபடி திருப்பினார். கிர்… கிர்… அவ்வளவுதான். சாருலதா பையை அமுக்கியபடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை அவர் ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு திருப்பினார். இழுத்தது, இழுத்தது, இனி இல்லை என்று தோன்றிய இடத்தில் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை அவர் உடனே மெஷினைப் போடச் சொல்லவில்லை. ஒயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"வெதுவெதுன்னுதான் கீது. சுடல. போடுங்கமா."

பகல் பன்னிரண்டேகாலுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை. கார் சும்மா நின்றபடியே ஓடியது, மெஷின் கத்தவில்லை. ஒரு மணிக்கு ஹபீபுர் ரஹ்மான் மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரி ஏறிக்கொண்டிருந்தது. அவர் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து, கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த சாருலதா, பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

அச்யுத்தின் உதடு அசைந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். பாய் சாப்பிட்டாரா, என்று கேட்டான்.

ரசஞ்சாதம்தான் இருந்தது. அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அவரே போட்டுக்கொண்டு, ஜன்னலோரமாக நின்றபடி, ஒரு கண் ஒயர் மேலும் ஒரு கண் மெஷின் மேலும் வைத்துச் சாப்பிட்டார். சாயங்காலம் நீரஜா யாரோ ஒருவரின் டிராக்டரில் ஏறி, இடுப்பு வரை சேற்றோடு வந்து சேர்ந்தாள். அதன் பிறகுதான் அவர் கிளம்பினார். போகும் வழியில் ஒரு கேன் பெட்ரோல் வாங்கி, தண்ணீரில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே திரும்ப வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அச்யுத் தானாக மூச்சு விட இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. ஆனால் அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு விசிறி சுற்றியது. ஹபீபுர் ரஹ்மான் அப்போதுதான் மறுபடி வந்து பானெட்டுக்குள் குனிந்திருந்தார். கிட்டத்தட்ட இருபத்து மூன்று மணி நேரமாக அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது. நீரஜா மெஷினை வீட்டு மின்சாரத்துக்கு மாற்றினாள்.

"கரெண்ட் வந்துட்ச்சேமா. வண்டிய ஆஃப் பண்ணிடலாம்," என்றார் அவர். சொன்னாரே தவிர சாவியிடம் போகவில்லை.

சாருலதா போனாள். கதவைத் திறந்து சாவியில் கை வைத்தாள். எஞ்சினின் அதிர்வு விரலில் ஏறியது. கையை எடுத்துவிட்டாள்.

"நீங்க பண்ணுங்கோ பாய்."

"நானா? நீங்களே பண்ணுங்கமா."

ஜன்னலுக்கு வந்து உள்ளே கேட்டாள். "ஏன்னா, கரெண்ட் வந்துடுத்து. காரை நிறுத்திடட்டுமா?"

ட்ச். ட்ச்.

ஹபீபுர் ரஹ்மானுக்கு அந்தக் கணக்கு அதற்குள் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேனில் மிச்சமிருந்த பெட்ரோலை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அவருக்கு வரும்," என்றார். "ஓடட்டும்."